இரும்புக்குப் பின்னால் இருந்த தேக்கு

கடலும் தோட்டமும் – வரலாற்றுத் தொடர்: 11

'வாரியர்' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் பக்கச் சுவரை வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரியும். வெளியே நாலரை அங்குலத் தடிப்பில் இரும்புத் தகடு. உள்ளே கப்பலின் உடலான மெல்லிய இரும்புத் தோல். இரண்டுக்கும் நடுவில் 18 அங்குலம் தேக்கு. 1860 டிசம்பர் 29ஆம் திகதி தேம்ஸ் நதியில் இறக்கப்பட்ட அந்தக் கப்பலை உலகம் இரும்புக் கப்பல் என்றே அழைத்தது. அளந்து பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரியும், கவச இரும்பைப் போல நான்கு மடங்கு தடிப்பில் மரம் அதன் பின்னால் நின்றது என்று.

சென்ற இதழில், மன்னார்க் கரையில் தோணியிலிருந்து இறங்கிய கோப்பிக் காலத்து முன்னோரோடு மாத்தளை வரை நடந்து வந்தோம். அவர்கள் அந்தப் பாதையில் நடந்த அதே ஆண்டுகளில் கடற்போரின் முறையே மாறியது. மரக்கப்பல்களின் காலம் முடிந்து, கவசக் கப்பல்களின் காலம் பிறந்தது. அப்போது நம் மலையகத்தின் திம்புள்ளப் பள்ளத்தாக்கில் பெரும்பகுதி இன்னும் காடு. அந்தக் காடு தோட்டமான கதையில் கவசக் கப்பலுக்கும் பங்கு உண்டு. அதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

மரம் எரிந்த நாள்

1853 நவம்பர் 30. கருங்கடலின் தென்கரையில் சினோப் துறைமுகம். அங்கே நங்கூரமிட்டு நின்ற துருக்கியரின் மரக்கப்பல்கள் மீது நக்கீமொவ் தலைமையில் வந்த ரஷ்யக் கப்பல்கள் வெடிகுண்டுகளை வீசின. பழைய காலத்துப் பீரங்கி வெறும் இரும்பு உருண்டையைத்தான் எறிந்தது. அது மரத்தில் ஓட்டை போடும். தச்சன் ஓடிவந்து அடைப்பான். வெடிகுண்டு அப்படியல்ல. மரத்துக்குள் புகுந்து வெடித்து, கப்பலையே கொளுத்திவிடும். சில மணி நேரத்தில் அந்தத் துருக்கியக் கப்பல் அணி ஏறத்தாழ முழுவதும் சாம்பலானது. ஏறத்தாழ 3,000 பேர் மாண்டார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1855 அக்டோபர் 17ஆம் திகதி, அதே போரில் துருக்கியரின் பக்கம் நின்ற பிரெஞ்சுக்காரர்கள் மூன்று மிதக்கும் பீரங்கி மேடைகளை ரஷ்யரின் கின்பர்ன் கோட்டைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மரத்தின் மேல் இரும்புத் தகடு போர்த்திய மேடைகள் அவை. கோட்டையிலிருந்து வந்த குண்டுகள் தகட்டில் பட்டுத் தெறித்து விழுந்தன. கோட்டை சரணடைந்தது.

அன்றிலிருந்து பந்தயம் தொடங்கியது. 1859 நவம்பரில் பிரான்ஸ் 'குளோவார்' என்ற கவசக் கப்பலை இறக்கியது. அது மர உடலுக்கு இரும்புச் சட்டை போட்ட கப்பல். பிரித்தானியா அடுத்த ஆண்டே வாரியரை இறக்கிப் பதில் சொன்னது. வாரியருக்கு உடலும் இரும்பு, சட்டையும் இரும்பு. ஆனாலும் இரண்டுக்கும் நடுவில் தேக்கு தேவைப்பட்டது.

ஏன் தேக்கு?

இரும்புத் தகட்டைத் தனியாக நிறுத்திப் பீரங்கியால் சுட்டால் அது விரிசல் விடும். அதைப் பிடித்திருக்கும் மரையாணிகள் முறியும். பின்னால் தடித்த மரம் இருந்தால், அடியின் வேகத்தை அந்த மரம் வாங்கி நாலாபக்கமும் பரப்பிவிடும். உடைந்த இரும்புத் துண்டு உள்ளே வந்தாலும் மரத்தில் சிக்கி நிற்கும். வாரியரின் சுவரைப் போலவே ஒரு சுவரைக் கட்டி, 1861இல் ஷூபரினெஸ் சுடுகளத்தில் நிறுத்திச் சுட்டுப் பார்த்தார்கள். அக்காலத்தின் பெரிய பீரங்கிகளாலும் அதைத் துளைத்து உள்ளே போக முடியவில்லை.

மரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் போர்க்களம் காட்டியது. 1863 ஏப்ரல் 7ஆம் திகதி அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் முன் நடந்த சண்டையில், 'நஹன்ட்' என்ற கவசக் கப்பலின் சுக்கான் அறை மீது குண்டுகள் விழுந்தன. தகட்டை அவை துளைக்கவில்லை. ஆனால் தகடுகளைச் சேர்த்துப் பிடித்திருந்த ஆணி ஒன்று முறிந்து உள்ளே பறந்து, சுக்கான் பிடித்து நின்றவரைக் கொன்றது. அவரைக் காக்க வைத்த இரும்பின் ஆணியே அவர் உயிரைக் குடித்தது.

சரி, மரம் வேண்டும். இங்கிலாந்தில்தான் ஓக் மரம் இருந்ததே? ஓக் மரத்தில் ஒரு வகை அமிலம் உண்டு; அது தன்னைத் தொடும் இரும்பை அரிக்கும். தேக்கில் இருப்பது எண்ணெய்; இரும்பை அது அரிக்காது. ஓக்கைப் போலக் கூரிய சிராய்களாகச் சிதறுவதும் தேக்கில் குறைவு. ஆகவே கவசக் கப்பலுக்குத் தேக்கே உற்ற துணையாயிற்று.

தேக்கு இங்கிலாந்தில் விளைவதில்லை. பிரித்தானியக் கப்பற்படைக்கு அது போன முக்கிய வாசல்கள் இரண்டு: மலபார்க் கரை, பர்மாவின் மௌல்மெயின். மலபார்த் தேக்கை அதற்கு முன்பே பம்பாய்க் கப்பல் தளம் கண்டபடி தின்றிருந்தது. வாடியா குடும்பத்தார் அந்தத் தளத்தில் கட்டி 1817இல் இறக்கிய மரப் போர்க்கப்பல் ஒன்றுக்கு நம் நாட்டு ஊரின் பெயர்: 'திருகோணமலை'. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அது இன்றும் மிதக்கிறது. இருநூறு ஆண்டு தாண்டியும் அழுகாத மரம்!

அப்படிப்பட்ட மரம் காட்டில் குறைந்துபோகவே, 1840களில் மலபார் கலெக்டர் கொனொலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார். நாற்று வளர்த்து அந்தத் தோட்டத்தை உண்மையில் உருவாக்கியவர் சாத்து மேனன். ஆனைமலைக் காட்டின் தேக்கும் பம்பாய்த் தளத்துக்குப் போனது. அங்கே காட்டை அறிந்து வழி காட்டியவர்கள் காடரும் மலசரும். கப்பற்படை ஏடுகளில் அட்மிரல்கள், பொறியாளர்கள், கப்பல்களின் பெயரெல்லாம் உண்டு. வழி காட்டிய ஒரு காடரின் பெயரும் அங்கே கிடைக்காது.

இரும்பும் இரும்பும் மோதிய நாள்

1862 மார்ச் 8. அமெரிக்க உள்நாட்டுப் போர். தெற்கு மாநிலங்கள், பாதி எரிந்து மூழ்கிய 'மெரிமாக்' என்ற கப்பலை மேலே தூக்கி, அதன்மேல் சாய்கூரை போன்ற இரும்புக் கூண்டு கட்டி, 'வர்ஜீனியா' என்று பெயரிட்டு ஹம்டன் ரோட்ஸ் நீர்ப்பரப்பில் இறக்கின. நாலு அங்குல இரும்புக்குப் பின்னால் இரண்டு அடி தடிப்பில் பைன், ஓக் மரங்கள். அந்த இரும்புத் தகடுகள் ரிச்மண்ட் நகரின் டிரெடிகர் ஆலையில் உருட்டப்பட்டவை. அந்த ஆலையின் உலைகளில் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்களும் உழைத்தார்கள். அடிமைமுறையைக் காக்கப் புறப்பட்ட கப்பலின் கவசத்தை அடிமைகளின் கைகளும் சேர்ந்து செய்தன.

அன்று பிற்பகல் வர்ஜீனியா 'கம்பர்லண்ட்' என்ற மரக்கப்பலின் விலாவில் முட்டி அதை மூழ்கடித்தது. 'கொங்கிரஸ்' என்ற மற்றொன்றை எரித்தது. இருநூறுக்கும் மேற்பட்ட வடக்கு மாலுமிகள் இறந்தார்கள்.

அன்றிரவே வடக்கின் கவசக் கப்பல் 'மொனிற்றர்' வந்து சேர்ந்தது. ஜோன் எரிக்சன் என்ற சுவீடன் நாட்டுப் பொறியாளரின் படைப்பு அது. தண்ணீர் மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் தட்டையான தளம். அதன் நடுவே சுழலும் பீரங்கிக் கூண்டு. முறத்தின் மேல் மரக்காலைக் கவிழ்த்து வைத்தது போன்ற தோற்றம். கூண்டுக்குள் 11 அங்குல வாய் கொண்ட பீரங்கிகள் இரண்டு. கப்பல் எந்தப் பக்கம் போனாலும் கூண்டைத் திருப்பி நினைத்த திசையில் சுடலாம். மறுநாள் காலையில் இரண்டும் மணிக்கணக்காக, மிக நெருங்கி நின்று சுட்டுக்கொண்டன. ஒன்றையொன்று மூழ்கடிக்க முடியவில்லை. இரண்டும் அந்த ஆண்டைத் தாண்டவும் இல்லை. வர்ஜீனியாவை மே மாதம் அதன் சொந்த மாலுமிகளே எரித்தார்கள். மொனிற்றர் டிசம்பர் 31ஆம் திகதி புயலில் 16 பேரோடு மூழ்கியது.

ஆனால் அந்த ஒரு காலைப்பொழுது உலகக் கப்பல் தளங்களுக்கெல்லாம் சேதி சொல்லிவிட்டது: இனி மரக்கப்பல் போருக்கு ஆகாது.

கரிசல் மண்ணுக்கு வந்த சேதி

அந்தப் போரின் அதிர்வு தமிழ்க் கரைக்கும் வந்தது. வடக்கின் கப்பற்படை தெற்கின் துறைமுகங்களை முற்றுகையிட்டபோது அமெரிக்கப் பருத்தி வெளியே வரவில்லை. லங்காஷயரின் நூலாலைகள் இந்தியாவை நோக்கிக் கை நீட்டின. திருநெல்வேலி, கோயம்புத்தூர்க் கரிசலில் விளைந்த பருத்திக்கு அதுவரை காணாத விலை கிடைத்தது. தூத்துக்குடித் துறையில் பருத்திப் பொதிகள் குவிந்தன. பம்பாயில் பணம் பெருக்கெடுத்தது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்து, அதை நம்பிக் கடன் வாங்கியவர்களைக் கவிழ்த்தது.

போரே இந்தக் கடலுக்கு வந்ததும் உண்டு. தெற்கின் வேட்டைக் கப்பல் 'அலபாமா' 1864 ஜனவரியில் மலபார்க் கரையோரம் ஓர் அமெரிக்க வணிகக் கப்பலைப் பிடித்து எரித்து, அதன் மாலுமிகளை அஞ்சுதெங்கில் இறக்கிவிட்டுப் போனது. அலபாமாவுக்குக் கவசம் கிடையாது. அதே ஆண்டு ஜூனில் பிரான்ஸ் கரைக்கு அப்பால் அதை மூழ்கடித்த 'கியர்சார்ஜ்' என்ற கப்பலும் மரக்கப்பல்தான். ஆனால் அது தன் விலாவில் நங்கூரச் சங்கிலிகளை வரிசையாகத் தொங்கவிட்டு, மேலே பலகை அடித்து மறைத்திருந்தது. தகடு கிடைக்காதவர்கள் சங்கிலியையே கவசமாக்கிய காலம் அது.

தூத்துக்குடியை நாம் மறக்கக் கூடாது. 1860களில் பருத்தி ஏறிய அதே துறையில் பின்னாளில் நம் முன்னோர் ஏறினார்கள். 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் தென் மாவட்டங்களைச் சுட்டெரித்தபோது, உயிர் பிழைக்க இலங்கைக்கு வந்தவர்கள் ஆயிரம் ஆயிரம். உலகின் பெரிய நாடுகள் கவசத் தகடு எத்தனை அங்குலம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் காலத்தில் நம்மவர் பலர் மரத் தோணியில்தான் கடல் கடந்தார்கள்.

பம்பாயின் இரண்டு காவலர்கள்

இந்தியாவுக்கென்றே கட்டிய கவசக் கப்பல்களும் உண்டு. 1863இல் பழைய இந்தியக் கடற்படையைப் பிரித்தானிய அரசு கலைத்துவிட்டது. பம்பாய்த் துறைமுகத்துக்கு யார் காவல் என்ற கேள்வி எழுந்தது. அதற்காக இலண்டனில் இரண்டு கப்பல்களைக் கட்டினார்கள். இரண்டும் 1870ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தண்ணீரில் இறங்கின: 'அபிசீனியா', 'மக்தலா'. வாரியர் பிறந்த அதே தேம்ஸ் இரும்பாலையில்தான் மக்தலாவும் பிறந்தது.

பெயர்களைக் கவனியுங்கள். 1868 ஏப்ரலில் ரொபர்ட் நேப்பியர் தலைமையில் இந்தியாவிலிருந்து போன படை, எத்தியோப்பிய மலைக்கோட்டையான மக்தலாவைப் பிடித்தது. பேரரசர் தெவோத்ரோஸ் சரணடையாமல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அந்தப் படையில் தமிழர் நிறைந்த சென்னைச் சுரங்கப் படையினரும் இருந்தார்கள். அந்த வெற்றியின் பெயரைத்தான் பம்பாயின் காவல் கப்பல்களுக்குச் சூட்டினார்கள்.

மொனிற்றரின் எண்ணத்தை மேலும் வளர்த்த கப்பல்கள் இவை. தாழ்ந்த தளம், நடுவே கவச மதில், மதிலின் முன்னும் பின்னும் ஒவ்வொரு சுழலும் கூண்டு, கூண்டுக்கு இரண்டாக நான்கு 10 அங்குலப் பீரங்கிகள். பாய்மரத்தை நம்பாத கப்பல்கள். பழைய போர்க்கப்பல் காற்று வந்தால் பாயை விரிக்கும். இவற்றுக்கு நிலக்கரி மட்டுமே கதி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பம்பாய்த் துறைமுகத்தில் நின்றன. ஓர் எதிரியையும் அவை சுட்டதில்லை. 1903, 1904 ஆண்டுகளில் பழைய இரும்பாக விற்கப்பட்டன. அதே வார்ப்பில் அவுஸ்திரேலியாவுக்காகக் கட்டிய 'செர்பரஸ்' 1871 ஏப்ரலில் மெல்பேர்ன் போய்ச் சேர்ந்தது. அது 1926இல் கரையோரம் அலைதடுப்பாக மூழ்கவைக்கப்பட்டு, இன்றும் அங்கேயே துருப்பிடித்துக் கிடக்கிறது.

நிலக்கரியும் கருங்கல்லும் கோச்சியும்

பாய் போனதும் கப்பலின் காலில் ஒரு கயிறு விழுந்தது. எங்கே நிலக்கரி கிடைக்குமோ அதுவரைதான் பயணம். 1869 நவம்பர் 17ஆம் திகதி சுயஸ் கால்வாய் திறந்ததும் ஆசியக் கடலின் குறுக்குச் சந்தியில் இலங்கை நின்றது. காலியில் பாறையும் காற்றும் நீராவிக் கப்பல்களை அச்சுறுத்தின. கொழும்பைப் பெரிய துறைமுகமாக்க முடிவு செய்தார்கள். 1875 டிசம்பர் 8ஆம் திகதி, வேல்ஸ் இளவரசர் கொழும்பு அலைதடுப்புக்கு முதற்கல் வைத்தார். வடிவமைத்தவர் ஜோன் கூட். கல் வந்தது மகர கற்குழியிலிருந்து. அங்கே உடைத்தவர்கள் சிறைக்கைதிகள்.

1879இல் இலண்டனில் கார்னர்வன் பிரபு தலைமையில் அமைந்த ஆணைக்குழு, பேரரசின் நிலக்கரித் துறைமுகங்களை எப்படிக் காப்பது என்று மூன்று ஆண்டுகள் ஆராய்ந்தது. எதிரியின் கவசக் கப்பல் ஒன்று வந்து நிலக்கரிக் குவியலைக் கொளுத்திவிட்டால் பேரரசின் கால் ஒடிந்துவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு. கொழும்பும் திருகோணமலையும் அந்தக் கணக்கில் இருந்தன. கரையில் பீரங்கிகள் எழுந்தன.

அதே காலத்தில்தான் மலையிலும் எல்லாம் மாறியது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அரித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் நட்ட தேயிலை, கோப்பி இருந்த இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. நாவலப்பிட்டிக்கு 1874இல் வந்த கோச்சி 1884இல் ஹட்டனைத் தொட்டது. 1885இல் கொட்டகலை, தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவை அடைந்தது. அதே 1885இல்தான் கொழும்பு அலைதடுப்பும் கட்டி முடிந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். திம்புள்ளயின் வாசலுக்கு இருப்புப்பாதை வந்த ஆண்டில் அதன் மறுமுனையில் பெரிய நீராவிக் கப்பல்கள் நிற்கும் துறை தயாராக இருந்தது. கிழக்கே போகும் கப்பல் கொழும்பில் நிலக்கரி ஏற்றியது. இலண்டனுக்குத் திரும்பும் கப்பல் தேயிலைப் பெட்டி ஏற்றியது. போருக்காகவும் வணிகத்துக்காகவும் இரும்பும் நீராவியும் வெட்டிய கடல்வழியிலேதான் லிந்துலவின், அக்கரப்பத்தனையின் தேயிலை உலகச் சந்தைக்குப் போனது. அந்தப் பெட்டியும் மூன்று அடுக்கு: வெளியே மரம், உள்ளே ஈயத்தாள், அதற்குள் தேயிலை.

ஸ்டோரிலிருந்து கப்பலுக்கு

எதிர்த்திசையில் போன ஒரு பொருளையும் சொல்லவேண்டும். தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு 'சிறொக்கோ' என்ற பெயர் தெரியும். இலையைக் காயவைக்கும் இயந்திரம். அதைக் கண்டுபிடித்தவர் சாமுவேல் டேவிட்சன்; அயர்லாந்திலிருந்து அசாம் பக்கத்துக் கச்சாருக்குத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். 1881இல் பெல்பாஸ்ட் நகரில் தொழிற்சாலை தொடங்கினார். இலைக்குச் சூடான காற்றை ஊத அவர் செய்த விசிறி 1890களின் இறுதியில் புது வடிவம் பெற்றது. அந்த விசிறிகள் பின்னர் சுரங்கங்களுக்குக் காற்றுக் கொடுக்கவும், போர்க்கப்பல்களின் கொதிகலன் அறைகளில் தீயை ஊதவும் போயின. கொழுந்தைக் காயவைக்கப் பிறந்த காற்று போர்க்கப்பலை ஓட்டியது.

இரும்பின் பின்பக்கம்

கவசக் கப்பலின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் தகட்டின் முன்பக்கத்தைத்தான் எழுதினார்கள்: எத்தனை அங்குலம், எந்தப் பீரங்கி, எந்த அட்மிரல். பின்பக்கத்திலிருந்து படித்தால் வேறு வரலாறு கிடைக்கும். அங்கே ஆனைமலைக் காடர் இருக்கிறார். ரிச்மண்ட் உலையின் அடிமைத் தொழிலாளி இருக்கிறார். மகர கைதி இருக்கிறார். கொழும்புத் துறையில் நிலக்கரி மூட்டை சுமந்தவர் இருக்கிறார். பீரங்கிக் குண்டின் அடியைத் தேக்கு வாங்கியதுபோல, அந்தக் காலத்தின் அடியை வாங்கியவர்கள் இவர்கள். இவர்கள் வரிசையில்தான் திம்புள்ளக் காட்டை வெட்டித் தோட்டமாக்கிய நம் முன்னோரும் நிற்கிறார்கள்.

வாரியர் கப்பலைச் செப்பனிட்டு, 1987 முதல் போர்ட்ஸ்மத் துறையில் காட்சிக்கு நிறுத்தியிருக்கிறார்கள். அது ஒரு சண்டையும் காணாத கப்பல். ஆனாலும் அதன் ஒவ்வொரு பலகைக்கும் குறிப்பு உண்டு. நம் தோட்டங்களின் செக்ரோல் என்ற பழைய ஆட்பதிவுப் புத்தகங்களோ, பல இடங்களில் கரையானுக்கும் ஈரத்துக்கும் போய்விட்டன. முன்னோர் பெயர் இருந்த ஒரே ஏடு பல குடும்பங்களுக்கு அதுதான்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இந்த வாரமே அவர்களோடு உட்காருங்கள். பூட்டன் பூட்டி பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தக் கங்காணியோடு, எந்தத் துறையில் ஏறி எங்கே இறங்கினார்கள், முதலில் எந்தத் தோட்டத்து லயத்தில் இருந்தார்கள் என்று கேட்டு, ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். பழைய துண்டுச் சீட்டு, கடிதம், செக்ரோல் தாள் ஏதாவது இருந்தால் எறியாமல் காப்பாற்றுங்கள். மலையகத்தின் வரலாறு அந்தக் கொப்பியிலிருந்துதான் எழுதப்பட வேண்டும்.

(தொடரும்)